பத்து கோல் விழுந்த பிறகு என்ன செய்வது? சிறுவர் கால்பந்தில் ஒருபக்க ஆட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் எங்கள் கடற்கரையில் எட்டு ஊர்கள். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். இந்த ஊர்களில் நடை பழகும் பிள்ளையின் காலில் முதலில் தட்டுப்படுவது பந்துதான். கோடை விடுமுறை வந்துவிட்டால் எல்லைக்கு இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகளுக்கு டோர்னமென்ட் நடக்கும். நான் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன். டோர்னமென்ட் கமிட்டியிலும் இருக்கிறேன். 9–0, 11–0 என்று ஒரு மேட்ச் முடிந்தால் போதும், அன்று சாயங்காலமே அதே சந்தேகங்களோடு யாராவது வந்து நிற்பார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

எத்தனை கோல் வித்தியாசம் வந்தா ஒருபக்க ஆட்டம்னு சொல்றீங்க சார்?

கோலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 5–0 என்று முடிந்தாலும் தோற்ற டீம் பத்துத் தடவை எதிர்ப்பக்கம் போய் வந்திருந்தால் அது நல்ல மேட்ச். 3–0 தான், ஆனால் ஒரு டீம் நடுக்கோட்டையே தாண்டவில்லை என்றால் அது ஒருபக்க ஆட்டம். நான் பார்ப்பது இதுதான்: தோற்கும் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் பந்தைக் கேட்கிறார்களா, இல்லை பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று ஒதுங்குகிறார்களா? ஒதுங்கத் தொடங்கிவிட்டால் பெரியவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கணக்காக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு, எங்கள் கமிட்டியில் நாலு கோல் வித்தியாசம் வந்ததும் இரண்டு கோச்சும் விழித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

கோல் அடிக்கத்தானே சார் விளையாடுறது? அடிக்காதேன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?

சொல்ல வேண்டாம். ஓடி வந்து, இரண்டு பேரை ஏமாற்றி, கோலியும் கோலும் மட்டும் எதிரில் இருக்கும் நேரத்தில் பந்தை வெளியே தட்டிவிடு என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அவனுக்கு ஆட்டமே குழம்பிப் போகும். எதிரில் நிற்கும் கோலிக்கும் அது புரிந்துவிடும், அவனுக்கும் அவமானம்.

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7–1 என்று வென்றது. இடைவேளையிலேயே 5–0. அந்த நேரத்தில் டிரஸ்ஸிங் ரூமில், கவனம் குறையாமல் ஆடுவோம், வித்தை காட்டி எதிராளியை மட்டம் தட்ட வேண்டாம் என்று பேசிக்கொண்டதாக ஜெர்மனி ஆட்டக்காரர் ஹம்மல்ஸ் பிறகு சொன்னார். இடைவேளைக்குப் பிறகும் அவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒழுங்காக ஆடி விழும் கோலால் மரியாதை கெடுவதில்லை.

அப்போ கோல் போடாம, பந்தை அவங்களுக்குள்ளேயே பாஸ் பண்ணிட்டு நிக்கச் சொல்லலாமே?

இதை நானே ஒருமுறை செய்தேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. மலையோரத்திலிருந்து முதல்முறையாக ஒரு டீம் வந்திருந்தது. இடைவேளையில் நாங்கள் 8–0. இனி கோல் வேண்டாம், பாஸ் மட்டும் போடுங்கள் என்று என் பிள்ளைகளிடம் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவர்களும் சொன்னபடி வட்டமாக நின்று பாஸ் போட ஆரம்பித்தார்கள். ஓரத்தில் நின்ற கூட்டம் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணத் தொடங்கியது. பதினேழு வரை போயிற்று. எதிர் டீமில் எட்டாம் நம்பர் போட்ட சின்னவன் பந்துக்குப் பின்னாலேயே ஓடி ஓடி, கடைசியில் மணலில் உட்கார்ந்துவிட்டான். அந்த மேட்ச் 8–0 என்றே முடிந்தது. 14–0 ஆகியிருந்தால்கூட அந்தப் பிள்ளை அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

பந்தைக் காட்டிக் காட்டி ஒளித்தால் அதற்குப் பெயர் விளையாட்டுக் காட்டுவது. பாஸ் பழகலாம், ஆனால் அந்தப் பாஸ் முன்னோக்கிப் போக வேண்டும்.

சரி, ஜெயிக்கிற டீமோட கோச் என்னதான் செய்யணும்?

முதலில் பிரஸ்ஸிங்கை, அதாவது எதிர்ப்பக்கத்துக்கே போய் நெருக்கிப் பந்தைப் பிடுங்குவதை, நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோல் மேல் கோல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். கோலி பந்தை உருட்டுவான், பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நம் ஆள் மூன்று பேர் காத்திருப்பார்கள், பிடுங்கி அடிப்பார்கள். பாதுகாப்பு ஆட்டக்காரன் தலையை நிமிர்த்திப் பார்க்கும் முன்பே பந்து வலைக்குள் இருக்கும். நம் பிள்ளைகளை நடுக்கோட்டுக்குப் பின்னால் வரச் சொன்னால் எதிர் டீமுக்குப் பந்தைத் தொட நேரம் கிடைக்கும். நம் டிஃபென்டர்களுக்கும் வேலை கிடைக்கும்.

அமெரிக்காவில் டாலஸ் நகரில் 2009 ஜனவரியில் பெண் பிள்ளைகளின் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று 100–0 என்று முடிந்தது. இடைவேளையில் 59–0. தோற்ற டீமில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள், கற்றலில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கான சிறிய பள்ளி அது. ஜெயித்த பள்ளியே மன்னிப்புக் கேட்டது. அதை ஒத்துக்கொள்ளாத கோச் வேலையை இழந்தார். அந்த ஆட்டத்தைப் பற்றி வந்த பெரிய குற்றச்சாட்டு, இவ்வளவு முன்னிலைக்குப் பிறகும் கோர்ட் முழுவதும் போய் நெருக்கினார்கள் என்பதுதான்.

அடுத்தது ஆள் மாற்றம். பெஞ்சில் நேரம் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இறங்க இதைவிட நல்ல நேரம் வராது. சிறுவர் ஆட்டங்களில் வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாம் என்று வைத்துக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன, அதனால் தயங்க வேண்டாம். ஸ்ட்ரைக்கரைப் பின்னால் நிறுத்துங்கள், டிஃபென்டரை முன்னால் அனுப்புங்கள். வலது கால்காரன் இடது காலால் மட்டும் அடிக்கட்டும். விங்கிலிருந்து வரும் கிராஸில் மட்டும் ஷாட் என்று ஒரு கட்டு வையுங்கள். எல்லாமே நாளைக்கு உங்களுக்கு உதவும் பயிற்சிதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இதையெல்லாம் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். "லேய், போதும்லே, இடது காலால அடி" என்று லைனில் நின்று கத்தினால், எதிர் டீம் பிள்ளைக்கும் காது கேட்கும்.

கோல் அடிச்சா பிள்ளை சந்தோஷப்படக் கூடாதா? அதுக்குமா சட்டம்?

தன் முதல் கோலை அடிக்கும் பிள்ளை, டீமுக்கு அது எத்தனையாவது கோலாக இருந்தாலும், சந்தோஷப்படட்டும். வருடம் முழுவதும் பெஞ்சில் இருந்தவன் பத்தாவது கோலைப் போடுகிறான் என்றால், டீமுக்கு அது பத்தாவது, அவனுக்கு முதலாவது. ஓடிப் போய் கூட்டாளியைக் கட்டிப் பிடிக்கட்டும். எதிர் கோலியின் முன்னால் போய் ஆடுவது, காதில் கை வைத்துக் கூட்டத்தைப் பார்ப்பது, விரல் விட்டு எண்ணிக் காட்டுவது, இவை வேறு. கேலியாகவும் சீண்டும்படியும் கொண்டாடினால் மஞ்சள் கார்டு காட்டலாம் என்று கால்பந்து விதியிலேயே இருக்கிறது. ரெஃப்ரி காட்டும்வரை கோச் காத்திருக்க வேண்டியதில்லை.

2019 பெண்கள் உலகக் கோப்பையில் தாய்லாந்தை அமெரிக்கா 13–0 என்று வென்றபோது உலகம் முழுக்க இதே பேச்சு. கோல்களைப் பற்றிச் சண்டை குறைவு, கடைசிக் கோல்களுக்கும் அப்படிக் குதிக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. உலகக் கோப்பையில் கோல் போடுவது வாழ்நாள் கனவு என்ற பதிலில் நியாயம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் தாய்லாந்து வீராங்கனைகளைத் தேற்றியவர்களும் அதே அமெரிக்கப் பெண்கள்தான். நான் இதில் கோல் போட்டவர் பக்கம். ஆனால் அவர்கள் பெரியவர்கள், நம் பிள்ளைகளுக்குப் பத்து வயது.

எனக்க மகன் 12–0 தோத்துட்டு வந்தான் சாரே. ரெண்டு நாளா பேச மாட்டேங்கான். என்ன சொல்லணும்?

முதல் நாள் எதுவும் சொல்ல வேண்டாம். சோறு போடுங்கள், அவனே ஆட்டத்தைப் பற்றிப் பேசும்வரை விடுங்கள். "பரவாயில்ல, விளையாட்டுதானே" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அவனுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருக்க மாட்டான். ரெஃப்ரியையும் எதிர் டீமையும் திட்டி அவனைச் சமாதானம் செய்வதும் வேண்டாம்.

அவன் வாயைத் திறந்ததும், ஆட்டத்தில் நீங்கள் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொல்ல வேண்டும்: "பத்தாவது கோல் விழுந்த பிறகும் நீ ஓடிப் போய் அந்த கார்னரைத் தட்டிவிட்டியே, நான் பார்த்தேன்." இப்படிச் சொல்வதற்கு நீங்கள் ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து போன அப்பாவால் சொல்ல முடியாது.

நாங்கதான் தோக்கிற டீம். இடைவேளையில 7–0. பிள்ளைகள்கிட்ட என்ன பேசறது?

ஸ்கோர் போர்டை மறந்து புதிதாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். "அடுத்த பத்து நிமிடம் கோல் விழக் கூடாது." "இரண்டு கார்னர் வாங்கணும்." "நடுக்கோட்டை ஐந்து தடவை தாண்டணும்." எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் எண்ணிச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பரில் குண்டூரில் 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கிரிக்கெட்டில் நாகாலாந்து அணி கேரள அணியிடம் 2 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது. அதில் ஒரு ரன் வைடு. இங்கே பலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 17 ஓவர் அந்தப் பிள்ளைகள் கிரீஸில் நின்றிருக்கிறார்கள். அடிக்கத் தெரியாத பந்தை நூறு தடவைக்கு மேல் எதிர்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த அணியின் கோச்சாக இருந்திருந்தால் அந்த 17 ஓவரைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

பாவம்னு ஒரு கோல் விட்டுக் கொடுத்தா என்ன தப்பு?

கொடுத்த கோல் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உங்கள் கோலி வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பாய்ந்ததை எட்டு வயதுக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். வீட்டுக்குப் போய் "நான் ஒரு கோல் போட்டேன்" என்று வாய் நிறையச் சொல்ல அவனால் முடியாது. முன்னால் சொன்னபடி பிரஸ்ஸிங்கை நிறுத்தி, இடம் மாற்றி ஆடினால், அவர்களுக்குத் தானாக ஒரு வாய்ப்பு வரும். அதில் போடும் கோல் அவனுடைய சொந்தக் கோல்.

கோல் டிஃபரன்ஸ் பார்த்துத்தானே செமிக்கு எடுக்கிறீங்க? நாங்க அடக்கி ஆடினா எங்க இடம் போயிடாதா?

நியாயமான கேள்வி. இதற்குக் கோச்சைக் குறை சொல்ல முடியாது, கமிட்டியைத்தான் சொல்ல வேண்டும். அதிக கோல் போட்டவனுக்குப் பரிசு என்று நாமே விதி எழுதிவிட்டு, ஏன் அடித்தாய் என்று கேட்டால் எப்படி?

எங்கள் டோர்னமென்டில் இப்போது ஒரு மேட்சுக்கு ஐந்து கோல் வித்தியாசம்தான் கணக்கு. 11–0 அடித்தாலும் அட்டவணையில் 5–0 என்றுதான் ஏறும். புள்ளி சமமானால் முதலில் அந்த இரண்டு டீமும் மோதிய மேட்சைப் பார்ப்போம். யூரோ கோப்பையிலும் அப்படித்தான் பார்க்கிறார்கள். இந்த விதி வந்த பிறகு ஆறாவது கோலுக்காகத் தொண்டை கிழியக் கத்தும் கோச்சுகள் குறைந்துவிட்டார்கள். நீங்கள் போகும் டோர்னமென்டில் இப்படி விதி இல்லையென்றால், ஃபிக்ஸ்சர் போடும் அன்றே எழுந்து கேளுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இத்தனை கோலுக்கு மேல ஆட்டத்தை நிறுத்திடற விதி இருக்கா?

பெரியவர்களின் கால்பந்து விதியில் இல்லை. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலில் நாலு இன்னிங்ஸுக்குப் பிறகு பத்து ரன் வித்தியாசம் இருந்தால் முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்தில் நாலு கோல் பின்தங்கிய டீம் கூடுதலாக ஒரு ஆளை இறக்கிக்கொள்ள இடம் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆட்டம் தொடரும், இரண்டு பக்கத்துக்கும் வேலை இருக்கும், தூரத்திலிருந்து வண்டி பிடித்து வந்த பிள்ளைகள் பாதி நேரத்தில் திரும்ப வேண்டியதில்லை.

நடுவுல டீமைக் கூட்டிட்டுக் கிளம்பிடலாமா?

பிள்ளைகளுக்கு அடிபடும் என்ற பயம் இருந்தால் கிளம்புங்கள். அதில் ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், யாரிடமும் அனுமதியும் வேண்டாம். ஆட்கள் காயப்பட்டு பதினொருவர் ஆட்டத்தில் ஏழு பேருக்குக் கீழே வந்துவிட்டால் ரெஃப்ரியே ஆட்டத்தைத் தொடர முடியாது.

கோபத்தில் கிளம்புவது வேறு. 2002-இல் மடகாஸ்கரில் ஒரு டீம், ரெஃப்ரி மேல் இருந்த கோபத்தில் தன் கோலிலேயே பந்தை அடித்து அடித்து 149–0 என்று தோற்றது. அவர்கள் பெரிய ஆட்கள், கோபத்துக்கு அவர்களே பொறுப்பு. பத்து வயதுப் பிள்ளை கிளம்புவது உங்கள் கோபத்துக்காக. முக்கால்வாசிப் பிள்ளைகள் கடைசி விசில் வரை ஆடவே விரும்புவார்கள். கேட்டுப் பாருங்கள்.

அந்த டீம்ல மீசை முளைச்ச பையனெல்லாம் ஆடறான் சார். அதனாலதான் தோத்தோம்.

சில சமயம் உண்மையாக இருக்கும், பல சமயம் இருக்காது. ஒரே வருடத்தில் பிறந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவன் மற்றவனைவிடத் தலை உயரம் கூட இருப்பது சாதாரணம். சீக்கிரம் வளர்ந்த பிள்ளையைப் பார்த்து "கள்ள வயசு" என்று கூவினால் அவன் மனதில் அது தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஆட்டத்துக்கு முன்னால் கமிட்டியிடம் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளத்து டீம், நம் டீம் இரண்டுக்கும் ஒரே தேதியை வைத்து வயது பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். வகுப்பை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

வயதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைக்கு அருகே கல்யாணில் 2016 ஜனவரியில் நடந்த பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் இருக்கிறது. ஒரு பையன் அவுட் ஆகாமல் 1009 ரன் அடித்தான், டீம் மூன்று விக்கெட்டுக்கு 1465. எதிர் டீம் 31, 52. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தேர்வுக்காக வராததால் எதிர்ப்பக்கம் சின்னவர்களே ஆடினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அடித்த பையனின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காலையில் அந்தச் சின்னவர்கள் வந்து இறங்கியபோதே பெரியவர்கள் இந்த மேட்ச் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

கூட்டம் கூவுதே, அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?

எங்கள் பக்கத்தில் கூவல் பெரிய வியாதி. தமிழ் டீம் அந்தப் பக்கம் போனாலும் கூவல், மலையாள டீம் இந்தப் பக்கம் வந்தாலும் கூவல். கடலில் வலை சிக்கினால் ஒருவர் வலையை ஒருவர் எடுத்துக் கொடுக்கும் ஊர்கள் இவை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இரண்டு கரையும் சேர்ந்துதான் அழுதது. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து மைக்கில் கேலி பேசும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

செய்ய முடிந்தது உண்டு. மைக் பிடிப்பவரைக் கமிட்டி முன்கூட்டியே தேர்வு செய்ய வேண்டும். நாலு கோலுக்குப் பிறகு ஸ்கோரைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது, தோற்கும் டீமின் கோலி பந்தைப் பிடித்தால் அவன் பேரைச் சொல்ல வேண்டும். நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். மைக்கில் பேர் வந்ததும் கூட்டமும் அந்தக் கோலிக்குக் கை தட்டத் தொடங்கியது.

பெண் பிள்ளைகள் டீமுக்கும் இதே விதிதானா?

இதேதான். ஆனால் இங்கே பெண் பிள்ளைகள் டீம் குறைவு, அதனால் பழகின டீமும் புது டீமும் ஒரே குரூப்பில் மாட்டுவது அதிகம். இரண்டு டீம் ஆட்களையும் கலந்து பிரித்து நட்பு ஆட்டமாக ஆடிவிடுவது நல்லது. பிள்ளைகளும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

பலமான டீம், பலமில்லாத டீம்னு பிரிச்சு வச்சா, சின்ன டீம் எப்போ வளரும்?

2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31–0 என்று வென்றது. பாஸ்போர்ட் சிக்கலால் அமெரிக்கன் சமோவாவின் வழக்கமான ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வர முடியவில்லை, பள்ளிப் பருவத்துப் பையன்களும் இறங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பகுதியில் சின்ன நாடுகளுக்கு முதலில் தனியாக ஒரு சுற்று வைத்தார்கள். அப்படி ஒரு சுற்றில், 2011 நவம்பரில், அமெரிக்கன் சமோவா டோங்காவை 2–1 என்று வென்றது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டத்தில் அவர்களுக்கு அது முதல் வெற்றி. 31 கோல் வாங்கிய அதே கோலி சலாப்பு அன்றும் கோலில் நின்றார்.

அதனால் பிரித்து வைப்பதில் தவறில்லை, கதவைப் பூட்டிவிடக் கூடாது. கீழ்க் குரூப்பில் ஜெயித்தவர்கள் அடுத்த வருடம் மேலே வரட்டும். புது டீம் என்றால் முதல் மேட்சைப் போன வருடத்துச் சாம்பியனோடு போடாதீர்கள்.

சார், நாங்க ஜெயிச்சோம். அவங்க கோலி அழுதான். நான் போய் என்ன சொல்லணும்?

இதைக் கேட்டது என் டீமில் ஆடும் பதினொரு வயதுப் பையன். சாரி என்று சொல்லாதே, நீ தப்பு எதுவும் செய்யவில்லை என்றேன். அவன் செய்ததில் உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் அதைக் கேள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். எதிர் கோலி கம்பத்தடியில் உட்கார்ந்து கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணனுடைய கிளவுஸ் போல, மணிக்கட்டில் நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். முடிச்சு அவிழவில்லை. இவன் போய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நான் ரெண்டாவதா அடிச்ச ஷாட்டை எப்பிடிடே பிடிச்ச? அது உள்ள போகும்னுல்லா நெனச்சேன்" என்று கேட்டான். அந்தக் கோலி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி, எந்தப் பக்கம் பாய்ந்தேன் என்று காட்டத் தொடங்கினான்.